நோய் தீர்க்கும் மருந்தும் நம் எலும்பும்



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். பாதி முடிந்த குளிசை மட்டைகள், பெயர் அழிந்த சின்னக் கடதாசிப் பைகள், எப்போதோ வாங்கிய இருமல் பாணி எல்லாம் அதற்குள் கிடக்கும். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் அந்த டின்னை எடுத்துத் திறந்து பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை என் சொந்த உம்மாவின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

மாத்தளை மாவட்டத்தில், மிளகும் கராம்பும் காய்க்கும் ஒரு மலையோரக் கிராமம் எங்களுடையது. உம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டியதும் முழங்கால் வலி வந்தது. குளிர் காலத்தில் முட்டும் சேர்ந்துகொள்ளும். ஒரு முறை டவுனில் ஒரு பாமசியில் வலியைச் சொன்னபோது, சின்ன வெள்ளைக் குளிசைகளைக் கடதாசிப் பையில் போட்டுத் தந்தார்கள். இரண்டே நாளில் வலியும் முட்டும் பறந்துவிட்டன. வீடு கூட்டினார், கொல்லைக்குப் போனார், பேரப்பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி!

அதன் பிறகு மாதம் தவறாமல் உம்மா சொல்வார்: “மகன், அந்த வெள்ளைக் குளிசை முடிஞ்சு போச்சு. டவுனுக்குப் போனா எடுத்துக்கிட்டு வாங்க.” நானும் வாங்கி வந்தேன். ஒரு மாதம் இரண்டு மாதமல்ல, ஏறத்தாழ மூன்று வருடம்! துண்டு எழுதிய வைத்தியர் யாரும் இல்லை. பையின் மேல் மருந்தின் பெயரும் இல்லை. அரபுக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நான், உம்மாவின் வாய்க்குள் போகும் மருந்தின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை.

ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழும்போது முதுகில் ‘சடக்’ என்று ஏதோ முறிந்தது போலிருந்ததாம். அவர் விழவுமில்லை, அடிபடவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நிமிர முடியவில்லை. வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். முள்ளந்தண்டின் ஓர் எலும்பு, மேலிருந்து மிதித்த பிஸ்கட் பெட்டியைப் போல நசுங்கியிருந்தது.

டொக்டர் உம்மாவின் முகத்தைப் பார்த்தார். கன்னங்கள் உப்பியிருந்தன. கையில் ஊதா நிறத் தழும்புகள். “மௌலவி, உம்மா என்ன குளிசை எடுக்கிறாங்க?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டிலிருந்து பையைக் கொண்டுவரச் செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டெரொயிட் என்று. ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் குளிசை இரண்டு.

உம்மாவுக்கு நேர்ந்தது உங்கள் உம்மாவுக்கோ, மாமிக்கோ, உங்களுக்கோ நேரக்கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. வைத்தியர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

எலும்பு உயிருள்ளது

எலும்பு என்றால் வீட்டுத் தூணைப் போல ஒரு முறை நிறுத்தினால் அப்படியே நிற்பது என்று நினைக்கிறோம். அது தவறு. எலும்பு உயிருள்ள ஒன்று. பழைய எலும்பை அரித்தெடுக்கும் கலங்களும் அதிலே உண்டு, புதிதாகக் கட்டும் கலங்களும் உண்டு. வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயது வரைக்கும் கட்டும் வேலை முந்தி நிற்கும். அதன் பிறகு மெல்ல மெல்ல அரிக்கும் வேலை முந்தும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் இந்தத் தேய்வு மிக வேகமாக நடக்கும்.

வயதினால் வரும் இந்தத் தேய்வோடு மருந்தினால் வரும் தேய்வும் சேர்ந்தால் என்னாகும்? வலியில்லாமல், சத்தமில்லாமல் எலும்பு பொத்தலாகும். முறியும் வரைக்கும் ஒன்றும் தெரியாது. உயரம் குறைவதும், முதுகு கூன் விழுவதும் ‘வயசு போனால் அப்படித்தான்’ என்று சொல்லித் தள்ளிவிடக் கூடியவை அல்ல.

ஸ்டெரொயிட்: நண்பனும் அவனே, பகைவனும் அவனே

1948இல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், மூட்டுவாதத்தினால் நடக்க முடியாதிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு முதன் முதலாகக் கோட்டிசோன் கொடுத்தார். சில நாட்களிலேயே அப்பெண் நடந்தார். உலகமே வியந்தது. 1950இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உடம்பில் இந்தச் சுரப்பு அளவுக்கு மிஞ்சினால் முகம் வீங்கி, எலும்பு மெலியும் என்பதை ஹார்வி குஷிங் என்ற வைத்தியர் 1932இலேயே எழுதி வைத்திருந்தார். அதிசய மருந்தின் மறுபக்கம் அதுதான்.

ஸ்டெரொயிட் எலும்பு கட்டும் கலங்களை அடக்குகிறது. குடல் கல்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. சிறுநீரோடு கல்சியம் வெளியேறுவதைக் கூட்டுகிறது. முதலில் பாதிக்கப்படுவது முள்ளந்தண்டு. தேய்வு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே வேகமாக நடக்கிறது. ஒரு நாளைக்கு 2.5 மில்லிகிராம் அளவு சிறிய தொகையாக இருந்தாலும், மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர்களின் எலும்பைக் கவனிக்க வேண்டும் என்பது இன்றைய வைத்திய உலகின் கருத்து.

இங்கே இரண்டு விடயங்களை மறக்க வேண்டாம். ஒன்று, ஸ்டெரொயிட் கெட்ட மருந்து அல்ல. கடும் முட்டு, மூட்டுவாதம், சில சிறுநீரக நோய்கள் ஆகியவற்றில் உயிரையே காக்கும் மருந்து அது. வைத்தியர் தந்தால் பயமின்றி எடுங்கள். முட்டுக்காக வாயால் இழுக்கும் பம்பில் உள்ள ஸ்டெரொயிட் மிகக் குறைந்த அளவு. எலும்புக்குப் பயந்து அதை நிறுத்தி, பிறகு குளிசையில் போய் விழுவதுதான் ஆபத்து.

இரண்டு, பல நாள் எடுத்த ஸ்டெரொயிட் குளிசையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். சட்டென நிறுத்தினால் மயக்கம் வரும், இரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்தாகலாம். உம்மாவுக்குக் கூட டொக்டர் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தே நிறுத்தினார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நமது மாவட்டம் வாசனைத் திரவியங்களின் பூமி. மூலிகையின் மேல் நமக்கு இயல்பாகவே நம்பிக்கை அதிகம். நல்ல ஆயுர்வேத, யூனானி வைத்தியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் அவர்களைச் சொல்லவில்லை. பெயரில்லாத போத்தலில், முகவரியில்லாத பையில், ‘ஒரே நாளில் வலி போகும்’ என்று விற்கப்படும் தூளையும் உருண்டையையும் பற்றியே சொல்கிறேன். இப்படிப்பட்ட ‘மூலிகை’ மருந்துகளில் ஸ்டெரொயிட் கலந்திருப்பதைச் சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் சுகாதார அதிகாரிகள் பல தடவை பிடித்து எச்சரித்திருக்கிறார்கள். மூலிகை ஒரே நாளில் அற்புதம் செய்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

கேஸ்ட்ரிக் குளிசை

நம் வீடுகளில் அதிகம் புழங்கும் குளிசை எது என்றால், ஒமிப்ரசோல் என்றே சொல்லலாம். நோன்பு காலத்திலும் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகும் கேட்கவே வேண்டாம்! இது வயிற்றின் அமிலத்தைக் குறைக்கிறது. சில வாரங்களுக்கு எடுப்பதால் எலும்புக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அதிக அளவிலோ, ஒரு வருடத்துக்கு மேலோ எடுப்பவர்களுக்கு இடுப்பு, மணிக்கட்டு, முள்ளந்தண்டு எலும்புகள் முறியும் வாய்ப்புக் கூடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரித்தது. குளிசைதான் நேரடிக் காரணம் என்று இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. என்றாலும் தேவையில்லாமல் ஏன் எடுக்க வேண்டும்?

இரத்தம் வடிந்த புண் இருப்பவர்களும், வயிற்றைப் பாதிக்கும் வேறு மருந்துகளை எடுப்பவர்களும் வைத்தியர் சொல்லாமல் இதை நிறுத்தக்கூடாது. மற்றவர்கள், “டொக்டர், இதை இன்னும் எடுக்க வேண்டுமா?” என்று கேளுங்கள். இன்னொன்று, கல்சியம் கார்பனேட் குளிசை கரைய வயிற்று அமிலம் தேவை. ஆகவே அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

தைரொயிட் குளிசை

கண்டக்கழலை நமது மலையகப் பகுதிகளுக்குப் பழைய நோய். அதனால்தான் 1990களில் நாடெங்கும் உப்பில் அயடின் சேர்க்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. இன்றும் நம் பெண்களில் எத்தனையோ பேர் காலையில் தைரொக்சின் எடுக்கிறார்கள். சரியான அளவில் எடுத்தால் அது எலும்பைக் கெடுப்பதில்லை. அளவு மிஞ்சினால் எலும்பைப் புதுப்பிக்கும் சக்கரம் வேகமாகச் சுழன்று, தேய்வு முந்திவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இந்த ஆபத்து அதிகம். ஆகவே வருடக்கணக்கில் ஒரே அளவை இரத்தப் பரிசோதனை இல்லாமல் எடுத்துக்கொண்டே போகாதீர்கள்.

தைரொக்சினையும் கல்சியம், இரும்புக் குளிசைகளையும் ஒன்றாக விழுங்கினால் தைரொக்சின் உடம்பில் சேராது. இடையில் நான்கு மணித்தியாலம் விடுங்கள். இது பலருக்குத் தெரியாது.

வலிப்பு மருந்தும் மூன்று மாத ஊசியும்

வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடொயின், பெனோபாபிட்டோன், காபமசெபின் ஆகியவை ஈரலைத் தூண்டி, உடம்பிலுள்ள விற்றமின் டீயை வேகமாகச் சிதைக்கச் செய்கின்றன. சிறு வயதிலிருந்தே இவற்றை எடுக்கும் பிள்ளைகளின் தாய்மார் கவனிக்க வேண்டும். மருந்தை நிறுத்தினால் வலிப்பு வந்து நெருப்பிலோ நீரிலோ விழக்கூடும். நிறுத்தாமல், கிளினிக்கில் விற்றமின் டீ பற்றிக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கிடையே இடைவெளிக்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் டெப்போ புரொவேரா ஊசியைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசத்தான் வேண்டும். அது எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கிறது. நீண்ட காலம் எடுத்தால் குறைவு கூடும் என்று 2004இல் அமெரிக்காவில் எச்சரிக்கை விடுத்தார்கள். ஊசியை நிறுத்தியதும் பெரும்பாலும் எலும்பு மீண்டு வருகிறது. பதினெட்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட பெண்களுக்கு இதனால் தடையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. இரண்டு வருடத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருப்பவர்களும், எலும்பு முறிந்த வரலாறுள்ளவர்களும், ஸ்டெரொயிட் எடுப்பவர்களும் மருத்துவ மாதிடம் அல்லது வைத்தியரிடம் கலந்து பேசுங்கள்.

சீனி, பிரஷர், நித்திரைக் குளிசை

சீனி வருத்தத்துக்கு நம்மில் அதிகம் பேர் எடுக்கும் மெட்ஃபோமின் எலும்புக்குக் கேடு செய்வதில்லை. ஆனால் பியோகிளிட்டசோன் என்ற குளிசை பெண்களுக்கு எலும்பு முறிவைக் கூட்டுவதாக 2007இலேயே தெரியவந்தது. உங்கள் மட்டையில் அந்தப் பெயர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கால் வீக்கத்துக்குத் தரும் ஃபுருசமைட் கல்சியத்தைச் சிறுநீரோடு இழுத்துச் செல்லும். பிரஷருக்குத் தரும் தயசைட் வகையோ அதற்கு நேர்மாறாகக் கல்சியத்தை மிச்சப்படுத்தும். பார்த்தீர்களா, எல்லா மருந்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது!

மார்புப் புற்றுநோய்க்குப் பிறகு லெட்ரோசோல் போன்ற குளிசைகளை வருடக்கணக்கில் எடுக்கும் சகோதரிகளுக்கும் எலும்புத் தேய்வு வரும. அந்தக் குளிசை உயிர் காப்பது. அதை விடாமல் எடுத்துக்கொண்டு, எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி வைத்தியரைக் கேளுங்கள்.

எலும்பைக் கரைக்காவிட்டாலும் ஆளைக் கீழே தள்ளும் மருந்துகளும் உண்டு. நித்திரைக் குளிசையும் சில பிரஷர் குளிசைகளும் அப்படிப்பட்டவை. தஹஜ்ஜுத்துக்கு எழும்பும் மூத்தவர்கள் இருட்டில், ஈரத் தரையில் வுழூ செய்யப் போய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. படுக்கையிலிருந்து எழும்பியதும் நடக்காதீர்கள், சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். குளியலறையில் ஒரு சின்ன வெளிச்சமும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், வழுக்காத செருப்பும் இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு இடுப்பு ஒபரேஷனுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

வெயிலும் சாப்பாடும்

மருந்து ஒரு பக்கம் எடுத்தால், நாம் மறுபக்கம் கொடுக்க வேண்டும். ஐம்பது வயது வரைக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கல்சியமும், அதன் பிறகு 1200 மில்லிகிராமும் தேவை. ஒரு கிளாஸ் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. பால் விலைக்கு வாங்க முடியாதவர்கள் முள்ளோடு சாப்பிடும் நெத்தலியையும், முருங்கை இலையையும், எள்ளையும் விடாதீர்கள். நெத்தலியின் தலையையும் முள்ளையும் கிள்ளி எறிந்துவிட்டுச் சமைக்கும் சகோதரிகளே, கல்சியத்தின் பெரும்பகுதியைப் பூனைக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்!

கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டீ வேண்டும். அது வெயிலிலிருந்து தோலில் உண்டாவது. கண்டிப் பகுதியில் வாழும் இலங்கையரையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. நோர்வேயில் இருப்பவர்களுக்கு விற்றமின் டீ மிகவும் குறைவாக இருந்தது. வெயிலின் அருமை அதிலே தெரிகிறது. ஆனால் வெயில் நாட்டில் பிறந்தும், நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன பயன்? பர்தா இதற்குத் தடையல்ல. மற்றவர் பார்வை படாத உங்கள் வீட்டுக் கொல்லையில், காலை பத்து மணிக்குப் பிறகு, கையும் காலும் படும்படி பத்துப் பதினைந்து நிமிடம் துணி காயப் போடுங்கள், கீரை ஆயுங்கள். அதிகாலை இளவெயில் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் விற்றமின் டீக்கு அது போதாது.

நடையும் வேண்டும். பாரம் சுமக்கும் எலும்புதான் பலப்படும்.

ரமழானில் கவனிக்க வேண்டியது

எலும்பு தேய்ந்தவர்களுக்கு வாரத்துக்கு ஒரு முறை அலென்ட்ரோனேட் என்ற குளிசை கொடுப்பார்கள். வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு மட்டும் எடுக்க வேண்டும். அரை மணித்தியாலம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல், குனியாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டைக் குழாயைப் புண்ணாக்கும். தேநீரோடோ பாலோடோ எடுத்தால் பலனில்லை. நோன்பு திறக்கும்போது ஈத்தம்பழத்தோடும் கஞ்சியோடும் விழுங்கினால் பலன் வீண். மஃரிபில் உடனே ஸஜ்தாவுக்குப் போக வேண்டியும் வரும். ஆகவே ஸஹருக்கு அரை மணித்தியாலம் முன்பாக எழும்பி, அதை எடுத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்து, பிறகு சாப்பிடுவதே வசதி. ரமழான் வருவதற்கு முன்பே கிளினிக்கில் மருந்து நேரங்களைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்பது ஈமானில் குறைவல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது

இப்போது அந்த பிஸ்கட் டின்னுக்கு வாருங்கள். ஒவ்வொரு மட்டையின் மேலும் கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். மருந்தை அந்தச் சொந்தப் பெயரால் அறிய வேண்டும் என்று போராடியவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. அவர் விரும்பிய அந்தப் பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எவ்வளவு, எத்தனை மாதமாக, யார் சொல்லி என்பதையும் எழுதுங்கள். பெயரில்லாத குளிசை இருந்தால் அதை வைத்தியரிடம் காட்டாமல் இனி வாங்காதீர்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எலும்பைப் பாதிக்குமா? இன்னும் எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்? இதைவிடக் குறைந்த அளவு போதுமா? நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், நீங்களாக எதையும் தொடரவும் வேண்டாம்.

என் உம்மா இப்போது கதிரையில் உட்கார்ந்து தொழுகிறார். முதுகு வலி குறைந்துவிட்டது, உயரம் திரும்பவில்லை. சுவரிலே எட்டித் தொட்ட குர்ஆன் தட்டு இப்போது அவருக்கு எட்டுவதில்லை. நாங்கள் அதைக் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறோம். ஒரு நாள் நான் மனம் பொறுக்காமல், “உம்மா, நான்தானே அந்தக் குளிசையை வாங்கி வந்தேன், என்னை மன்னிச்சிருங்க” என்றேன். “நான் கேட்டேன், நீங்க கொண்டு வந்தீங்க மகன். ரெண்டு பேரும் பேரைக் கேக்கல்ல” என்றார்.

சகோதரிகளே, நீங்கள் பெயரைக் கேளுங்கள். உங்கள் உம்மாமாருக்காகவும், நாளை உங்களைத் தாங்க வேண்டிய உங்கள் சொந்த எலும்புக்காகவும் கேளுங்கள். நம் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக!